நடுநிசியில் கேப்டனை எழுப்பலாமா?

போன வாரம் இரவு பத்தரை மணிக்குத் தம்பி அழைத்தான். அந்த நேரத்தில் அழைத்தால் மருத்துவமனைச் செய்தியாகத்தான் இருக்கும் என்று பதறி எடுத்தேன்.

"என்னக்கா இது? புள்ள கப்பல்ல வேலைக்குப் போறேங்கிறா. சம்பளம்கூடக் கிடையாதாம். எல்லாம் நீ குடுத்த செல்லம்!"

கப்பலும் இல்லை, வேலையும் இல்லை. அவன் மகள் சைபர்ஜெயாவில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் இருக்கிறாள். வயது 26. ஆண்டு விடுமுறையில் பத்து நாள் மிச்சம் இருக்கிறது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் போகும் ஒரு பாய்மரப் படகில் துணைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். படகு ஓய்வுபெற்ற ஒரு தம்பதியருடையது. இவளும் "வருகிறேன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் அதன் பிறகுதான் சொன்னாள்.

தம்பியின் பயம் எனக்குப் புரிந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் நான் முதல் முறை போனபோது அம்மாவும் இதையேதான் கேட்டார். "முன்னப்பின்ன தெரியாதவங்க கூட நடுக்கடல்ல உனக்கு என்ன வேலை?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது கொஞ்சம் தெரியும். எனவே இந்த வாரம் அதைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

ஏன் ஆள் தேடுகிறார்கள்?

படகையே வீடாக்கிக்கொண்டு நாடு நாடாகப் போகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நம் பக்கம் வருகிறவர்களில் பலர் லங்காவியில் தங்கிவிடுவதும் உண்டு. தீவுகளுக்கு நடுவே அலையில்லாமல் ஒதுங்க இடம் இருக்கிறது, 1987 முதல் தீர்வையற்ற தீவு, பக்கத்திலேயே தாய்லாந்து. பெரும்பாலான படகுகளில் இருப்பது கணவனும் மனைவியும் மட்டும்தான். பகலில் இருவர் போதும். இரவு முழுக்க ஓடும் பயணத்தில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருக்க வேண்டும். இரண்டு இரவு தொடர்ந்தால் இருவரும் துவண்டுவிடுவார்கள். அதனால்தான் மூன்றாவது, நான்காவது ஆளைத் தேடுகிறார்கள்.

எல்லாக் கலமும் கண்ணாலும் காதாலும் எப்போதும் சரியான காவல் வைத்திருக்க வேண்டும் என்பது 1972ஆம் ஆண்டின் அனைத்துலகக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி. எண்ணெய்க் கப்பலுக்கும் அதுதான், பத்து மீட்டர் பாய்மரப் படகுக்கும் அதுதான். வார இறுதியில் பணம் கட்டிப் போகும் உல்லாசப் படகில் நீங்கள் விருந்தாளி. இங்கே நீங்கள் அந்தக் காவலில் ஒரு பங்கு.

அந்த இரவு

என் முதல் பயணமும் கிள்ளான் துறைமுகத்திலிருந்து பங்கோருக்குத்தான். சுமார் 90 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் 18 மணி நேரம். மதியம் இரண்டு மணிக்குப் புறப்பட்டால் மறுநாள் காலை பசியாறும் நேரத்துக்குப் போய்விடலாம். படகு 12 மீட்டர். கேப்டன், அவர் மனைவி, நான், கல்லூரி முடித்த ஓர் இளைஞர் என நான்கு பேர்.

புறப்படும் முன் கேப்டன் ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொன்னார். உயிர்காப்பு அங்கி எங்கே, சமையல் எரிவாயுவை எங்கே மூடுவது, தீயணைப்பான் எங்கே, வானொலியில் 16ஆம் அலைவரிசையில் எப்படிக் கூப்பிடுவது, தான் கடலில் விழுந்துவிட்டால் படகை எப்படி நிறுத்துவது. கடைசியாக ஒன்று சொன்னார். "சந்தேகம் வந்தால் என்னை எழுப்புங்கள். எதற்கு எழுப்பினாய் என்று கேட்கமாட்டேன்." நானும் தலையாட்டினேன்.

இரவு 12 முதல் 3 வரை என் காவல். காற்று இல்லை, எஞ்சினில் போய்க்கொண்டிருந்தோம். ஒன்றே முக்கால் வாக்கில் வலப்பக்கம் வெளிச்சம் தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று வெள்ளை விளக்குகள், கீழே ஒரு சிவப்பு. எஞ்சினில் போகும்போது வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிற கலத்துக்கு நாம்தான் வழிவிட வேண்டும், அதன் பின்புறமாகப் போக வேண்டும் என்று படித்திருந்தேன். படித்ததைச் செய்யப் போகிறோம் என்று ஒரு பெருமை வேறு. தானியங்கிச் சுக்கானை வலப்பக்கம் திருப்பினேன்.

கேப்டனை எழுப்பலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மனிதர் அப்போதுதான் படுத்தார். வயது அறுபதைத் தாண்டியவர். இதற்குப் போய் எழுப்புவானேன் என்று விட்டுவிட்டேன்.

படகு திரும்பியதில் அசைவு மாறியிருக்க வேண்டும். கேப்டன் தானாகவே மேலே வந்தார். ஒரே பார்வை. என்னைத் தள்ளாத குறையாகச் சுக்கானைப் பிடித்து, முழுக்க இடப்பக்கம் ஒடித்து, வேகத்தைக் குறைத்தார். பிறகு கையை நீட்டி இருட்டைக் காட்டினார். நான் பார்த்த விளக்குகளுக்கு வெகு தூரம் பின்னால், மங்கலாக இன்னொரு சிவப்புப் பொட்டு.

மூன்று வெள்ளை விளக்கு என்றால் இழுவைப்படகு. பின்னால் 200 மீட்டருக்கும் அதிகமான நீளத்தில் எதையோ இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். நான் "பின்புறமாக" போகவிருந்த இடத்தில் இருந்தது இரும்பு வடம். சிறிது நேரத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கறுப்புச் சுவர், சத்தமே இல்லாமல், எங்கள் முன்னால் கடந்து போனது. மலாக்கா நீரிணையில் இப்படி இழுத்துச் செல்லப்படும் பார்ஜுகள் சாதாரணம். எனக்குத்தான் தெரியாது.

கேப்டன் திட்டவில்லை. எனக்குக் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, கீழே போய் மைலோ கலக்கிக் கொண்டுவந்தார். பிறகுதான் கேட்டார், "ஏன் எழுப்பவில்லை?"

"நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள்" என்றேன்.

"நீ எழுப்புவாய் என்ற நம்பிக்கையில்தான் தூங்கினேன்" என்றார் அவர்.

எட்டு ஆண்டுகள் ஆகியும் அந்தப் பதில் எனக்கு மறக்கவில்லை. நாம் வளர்ந்த வீடுகளில், தூங்குகிற பெரியவரை எழுப்பாமல் இருப்பது மரியாதை. பெரியவர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது மரியாதை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லாமல் சமாளிப்பதையும் பல நேரம் மரியாதைக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்கிறோம். படகில் இந்த மரியாதை ஆளைக் கொல்லும். அங்கே மரியாதை என்பது சரியான நேரத்தில் வாயைத் திறப்பது. எந்த நேரம் என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கேள்விகள் எல்லாம் கரையில்

படகுகளில் சண்டை வருவது பெரும்பாலும் புயலால் அல்ல, புறப்படும் முன் பேசாமல் விட்ட விஷயங்களால். "அதெல்லாம் எப்படிக் கேட்பது, தப்பாக நினைப்பார்களே" என்று நாம் விட்டுவிடுவோம். கேளுங்கள். நல்ல கேப்டன் தப்பாக நினைக்கமாட்டார். நினைத்தால், அதுவும் உங்களுக்கு ஒரு பதில்தான்.

முதலில் பணம். சாப்பாடு, எரிபொருள், படகுத்துறைக் கட்டணம் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வது பொதுவான வழக்கம். படகைப் பழுதுபார்க்கும் செலவு சொந்தக்காரருடையது. என் முதல் பயணத்தில் நாளுக்கு 50 ரிங்கிட் கொடுத்தேன். அதில் எது அடங்கும், எது அடங்காது என்பதை ஒரு தாளில் எழுதிவைத்தோம். செலவைப் பகிர்வது வேறு, கட்டணம் வாங்குவது வேறு. இலாபத்துக்கு ஆள் ஏற்றினால் அது வணிகம். அதற்கான உரிமமும் காப்புறுதியும் வேறு.

அடுத்து நாள் கணக்கு. பாய்மரப் படகுக்குப் பேருந்து அட்டவணை கிடையாது. திங்கட்கிழமை அலுவலகத்தில் கூட்டம் என்பதற்காகக் கேப்டனை அவசரப்படுத்தி மோசமான வானிலையில் புறப்படவைப்பதுபோல் ஆபத்து வேறில்லை. குறைந்தது இரண்டு மூன்று நாள் கூடுதலாக விடுப்பு வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் போதாவிட்டால் பாதியில் இறங்கிப் பேருந்தில் வந்துவிடுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, உங்களைப் பற்றிய உண்மை. நீந்தத் தெரியுமா, கடல்மயக்கம் வருமா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், ஆஸ்துமா உண்டா. நேர்முகத் தேர்வில் சொல்வதுபோல் இங்கே கூட்டிச் சொல்லாதீர்கள். "எனக்கு ஒன்றும் தெரியாது, சொன்னால் செய்வேன்" என்பவரைக் கேப்டன்கள் விரும்பி ஏற்றுக்கொள்கிறார்கள். எல்லாம் தெரியும் என்பவரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள்.

நான்காவது, ஆவணம். வெளிநாட்டுக்குப் போகும் படகில் உங்கள் பெயர் பயணக்குழுப் பட்டியலில் ஏறும். பல நாடுகளில், அந்தப் பட்டியலில் இருந்து முறைப்படி நீக்கப்படும்வரை நீங்கள் கேப்டனின் பொறுப்பு. உங்களிடம் ஊர் திரும்பப் பணம் இல்லையென்றால் அந்தச் செலவு அவர் தலையில் விழலாம். அதனால் திரும்பிவரும் விமானச் சீட்டுக்கான பணத்தைத் தனியாக வைத்திருப்பது உங்கள் கடமை. கடப்பிதழைக் குடிநுழைவுக் காரியத்துக்குக் கொடுத்தால், வேலை முடிந்ததும் கேட்டு வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் இன்னும் சிலவற்றைக் கேட்க வேண்டும். படகில் வேறு யார் யார், எனக்குத் தனி அறையா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா. இதற்கு முன் அந்தப் படகில் போன இரண்டு பேரிடமாவது பேசுங்கள். ஒருநாள் பகல் பயணம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். படகின் பெயர், வழி, கேப்டனின் விவரம் எல்லாம் வீட்டில் ஒரு தாளில் இருக்கட்டும். இவற்றைக் கேட்டதற்காக முகம் சுளிப்பவரின் படகில் ஏறாதீர்கள்.

விவாதம் செய்யக் கூடாத நேரம்

கடலில் கேப்டனின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. சட்டப்படி படகுக்கும் அதில் இருக்கும் உயிர்களுக்கும் அவர்தான் பொறுப்பு. நன்றாகப் படித்து, அலுவலகத்தில் பத்துப் பேரை மேய்க்கும் நம் இளையர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

அதே பயணத்தில் பினாங்கை நெருங்கும்போது, விடியலுக்கு முன் மேற்கே கரேலென்று ஒரு மேகக்கோடு. சுமத்ரா பக்கமிருந்து வரும் திடீர்க் காற்று அது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில், பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். கேப்டன் "பாயைச் சுருக்கு, இப்போதே" என்றார். கயிற்றருகே இருந்த இளைஞர், "இன்னும் காற்றே இல்லையே, கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார். அந்தப் பேச்சில் ஐந்து நிமிடம் போனது. காற்று வந்தபோது பாயின் ஓரம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்தது.

கேப்டன் அப்போது எதுவும் பேசவில்லை. மறுநாள் நங்கூரம் போட்டுத் தேநீர் குடிக்கும்போது, ஏன் முன்னதாகவே சுருக்க வேண்டும் என்பதைத் தாளில் வரைந்து காட்டினார். அந்த இளைஞரும் தன் சந்தேகங்களையெல்லாம் அப்போது கேட்டார். தையல் செலவைத் தருகிறேன் என்றார். ஒப்பந்தப்படி அது படகுச் செலவு என்று கேப்டன் மறுத்துவிட்டார்.

ஆபத்தைக் கண்டால் சொல்வதும், உத்தரவுக்கு எதிர்வாதம் செய்வதும் ஒன்றல்ல. "அதோ விளக்கு தெரிகிறது" என்பதை எந்த வினாடியும் சொல்லலாம். "இது ஏன் இப்படி?" என்பதற்கு நங்கூரம் போடும்வரை பொறுக்கலாம்.

சின்ன விஷயங்கள், பெரிய கோபங்கள்

நான்கு பேர் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை அளவு இடத்தில் பத்து நாள் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே கோபம் வருவது சின்ன விஷயங்களில்தான்.

காவல் மாற்றும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே தயாராக மேலே வாருங்கள். அடுத்தவர் தூக்கத்தில் நீங்கள் எடுக்கும் ஐந்து நிமிடத்தை அவர் மறக்கவேமாட்டார். காவலில் கைத்தொலைபேசி பார்க்காதீர்கள். அதன் வெளிச்சத்தில் கண் இருட்டுப் பழக்கத்தை இழந்துவிடும். இரவில் தனியாக இருக்கும்போது இடுப்புப் பட்டியைக் கொக்கியில் மாட்டாமல் எழுந்து நடக்காதீர்கள்.

கழிவறை கையால் பம்பு அடிக்கும் வகை. அதில் காகிதம் போட்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்ததைப் பிரித்துச் சுத்தம் செய்வது கேப்டன். அதற்குப் பிறகு அவர் முகத்தில் நீங்கள் விழிக்க முடியாது. ஆண்கள் படகு ஓரத்தில் நின்று வசதியைப் பார்த்துக்கொள்ளக் கூடாது. ஆள் தவறிக் கடலில் விழுவது அங்கேதான்.

நாங்கள் போன படகில் நல்ல தண்ணீர் மொத்தம் 400 லிட்டர். பாத்திரத்தை முதலில் கடல்நீரில் கழுவி, கடைசியில் ஒரு கோப்பை நல்ல நீர். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்குகிறவர்களுக்கு இரண்டே நாளில் புத்தி வரும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி வேண்டாம், வைக்க இடமில்லை. மடிக்கக்கூடிய துணிப்பை போதும். தளத்தில் கறை பதிக்கும் கறுப்பு அடிச் செருப்பும் வேண்டாம்.

சமையல் நமக்கு ஒரு வரம். அலை அடிக்கும் இரவில் சூடான ரசத்தைக் குவளையில் கொடுத்துப் பாருங்கள், அடுத்த பயணத்துக்கு அவர்களே அழைப்பார்கள். கடல்மயக்க மாத்திரையை வாந்தி வந்தபின் விழுங்கிப் பயனில்லை. புறப்படும் முன்பே சாப்பிட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும் என்பதால் மருந்தாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

கேப்டனுக்கும் கடமை உண்டு

இவ்வளவும் செய்யும் ஒருவருக்குக் கேப்டன் திருப்பிச் செய்ய வேண்டியவை உண்டு. பாதுகாப்பு விளக்கம் கொடுக்காமல் கயிற்றை அவிழ்க்கக் கூடாது. போதிய தூக்கம் கொடுக்க வேண்டும். படகில் உள்ள கோளாறை மறைக்கக் கூடாது. கத்தக் கூடாது. காற்றில் கேட்க வேண்டுமென்று உரக்கச் சொல்வது வேறு, அவமானப்படுத்துவது வேறு. எழுப்பினால் எழுந்து வர வேண்டும், தவறான எச்சரிக்கையாக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பப் படுக்க வேண்டும். ஒரு முறை எரிந்து விழுந்தால் போதும், அடுத்த முறை யாரும் எழுப்பமாட்டார்கள்.

எனக்கு அப்படியும் ஒருவர் வாய்த்தார். மூன்றாவது பயணம். கேள்வி கேட்டால் முறைப்பார். படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாலை ஐந்து மணிக்குக் குடிக்கத் தொடங்குவார். எஞ்சினில் தண்ணீர் கசிவதைப் புறப்பட்ட பிறகுதான் சொன்னார். பினாங்கில் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பட்டர்வொர்த்திலிருந்து பேருந்து பிடித்தேன். "சொன்ன வாக்கை மீறிவிட்டோமே" என்று ஈப்போ வரை மனசு அடித்துக்கொண்டது. தஞ்சோங் மாலிம் வருவதற்குள் தூங்கிவிட்டேன். பாதுகாப்பில்லாத படகிலிருந்து இறங்குவது வாக்கு மீறல் இல்லை. மற்றக் காரணங்களுக்கு இறங்குவதென்றால் மட்டும், அடுத்த ஆளைத் தேட அவருக்கு நேரம் கொடுத்துச் சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை

தம்பியையும் மருமகளையும் கூட்டிக்கொண்டு அந்தத் தம்பதியரைப் பார்க்கப் போனேன். அவள் 14 கேள்விகள் எழுதிவந்திருந்தாள். பன்னிரண்டுக்குப் பதில் சொன்னார்கள். இரண்டுக்கு, "இன்னும் முடிவு செய்யவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம்" என்றார்கள். எனக்கு அந்த இரண்டில்தான் நம்பிக்கை வந்தது.

தம்பி அதுவரை பேசவே இல்லை. கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டான். "நடுராத்திரியில் என் மகள் எழுப்பினால் எழுந்து வருவீர்களா?"

கேப்டன் பதில் சொல்லும் முன் அவர் மனைவி முந்திக்கொண்டார். "இவரைக் காலைத் தட்டித்தான் எழுப்ப வேண்டும். தோளைத் தொட்டால் பதறி எழுந்து மேற்கூரையில் தலையை இடித்துக்கொள்வார்."

தம்பி சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியை எடுத்து அதைக் குறித்துக்கொண்டான்.

வரும் வியாழக்கிழமை புறப்படுகிறாள். படகின் பெயரும் வழியும் எழுதிய தாள் தம்பி வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. பங்கோர் போய்ச் சேர்ந்ததும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அன்று இரவு அவளுக்கு மூன்று மணி நேரம்தான் காவல். என் தம்பிக்கு விடியும்வரை.